மணியடித்தால் உள்ளே வருகிற பிள்ளை

ஏலே,

எந்தக் கடிதம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற புத்தி உனக்கு. அந்தச் சிரமம் உனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன், வத்திராயிருப்புத் தோப்பை விற்றுப் பணம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். என் பதில், கூடாது. அழுதாலும் புரண்டாலும் அது மாறாது. பணம் வருமா வராதா என்பது வேறு கேள்வி. தோப்பு என் பெயரில் இல்லை, உன் அம்மாவுக்கு அவள் அப்பா எழுதிவைத்தது. அது உனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் இத்தனை வருஷமாக அப்பா அம்மாவுக்கு என்று எழுதிவந்தவன் இந்தத் தடவை அம்மா அப்பாவுக்கு என்று தொடங்கியிருக்கிறாய். கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னிடமிருந்து வந்தது.

நீ கூடவே அனுப்பிய வழுவழுத் தாளையும் படித்தேன். பூஜ்யத்திலிருந்து இன்ஸ்ட்ரக்டர் வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். விமானத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாதவன் போனாலும் போதுமாம். முதலில் நீயாகத் தனியே பறக்க ஒரு லைசென்ஸ், அடுத்தது சம்பளத்துக்குப் பறக்க ஒரு லைசென்ஸ், அதற்கும் மேலே அடுத்தவனுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு லைசென்ஸ். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அந்தத் தொகையை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் பேனா மக்கர் பண்ணும். தாளில் ஒரு பையன் வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கிற பெரிய விமானம் அவன் ஓட்டுகிற விமானம் இல்லை என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும் என்கிறாயா? என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நோட்டீசிலும் என்னிடம் இல்லாத மெஷினின் படத்தைத்தான் போட்டிருந்தேன்.

அந்தத் தொழிலைப் பற்றி நீ ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. மடவார் வளாகம் கோயிலுக்குப் போகிற பாதையில் மாடியில் மெஷின்கள் தடதடக்க, அதன் கீழே உள்ள வீட்டில் தூங்கி வளர்ந்தவன் நீ. சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுவாய். அந்தச் சத்தம் என்ன சத்தம் என்று இப்போது சொல்கிறேன். உன்னைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற அப்பன்மாரின் தலையில் நான் மிளகாய் அரைத்த சத்தம். லோயர் பாஸ் பண்ணு, ஹையர் பாஸ் பண்ணு, அதோடு தமிழும் பாஸ் பண்ணு, கவர்ன்மெண்ட் ஆபீஸ் நாற்காலி உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லித்தான் உனக்குச் சோறு போட்டேன். பரீட்சை வந்தால் மெஷின்களைக் கோணியில் சுற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் விரல்களைச் சொடக்கிக்கொண்டே நடந்து வருவார்கள். எனக்கு அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊரில் எல்லோரும் எதையோ ஒன்றை விற்கிறார்கள், நான் இதை விற்றேன்.

ஆனால் விற்கிற விதத்தில் எனக்கென்று ஒரு வழி இருந்தது, அதை மட்டும் கவனமாகக் கேள். தேவதானத்திலிருந்தோ வத்திராயிருப்பிலிருந்தோ ஒருத்தர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து வந்து என் எதிரில் உட்காருவார். எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். "படிச்சா வேல கெடைக்குமா சார்?" நான் வாயைத் திறக்க மாட்டேன். கடைக்காரன் தன் சரக்கை நல்ல சரக்கு என்று சொன்னால் எவன் நம்புவான்? மேஜை மேலிருக்கிற மணியை ஒரு தட்டுத் தட்டுவேன். உள்ளேயிருந்து இன்ஸ்ட்ரக்டர் வரும். ஹையரில் முதல் வகுப்பில் தேறிய பிள்ளை, பளிச்சென்று இருக்கும், தலைகுனிந்து நிற்கும். "இவிய கேக்காவ பாரு, நீயே சொல்லு" என்பேன். "கெடைக்கும்யா" என்று அந்தப் பிள்ளை சொல்லும். அவ்வளவுதான், மடியிலிருந்து பணம் மேஜைக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்திருந்தால் அது எதற்கு இங்கே நிற்கிறது என்று யோசிக்க ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மணியடித்தால் உள்ளே வருகிற பிள்ளைகளில் உன் அம்மாவுக்கு இணை யாருமில்லை. அவள் அப்பாவும் ஒருநாள் அப்படித்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்தார், நான் மணியைத் தட்டினேன், அப்போதிருந்த பையன் வந்து கிடைக்கும் என்றான், அவர் நம்பினார். எழுபதுகளின் கடைசி அது. இவள் எல்லாப் பரீட்சையும் எழுதி முடித்தாள், வேலை வரவில்லை, என்னிடமே இன்ஸ்ட்ரக்டராக நின்றாள். கை மழை பெய்கிற மாதிரி ஓடும். அதைவிட அவள் குரல்! அந்தக் குரலில் கெடைக்கும்யா என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வந்துவிடும். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்றை அவள் கேட்க ஆரம்பித்தாள். கொடுக்காவிட்டால் எதிர்த்த தெருவில் புதிதாகத் திறந்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போய்விடுவாள் போலிருந்தது. தூரத்துச் சொந்தம்தான், ஜாதகமும் பொருந்தியது, கல்யாணம் செய்துகொண்டேன். ஊரில் காதல் கல்யாணம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசுக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. நான் ரிப்பன், கார்பன் தாள் எல்லாம் வாங்குகிற கடைக்கார பாய் மூலமாகத்தான் கேட்டனுப்பினார்கள். "சார், மேனேஜர் சொல்லிவிட்டாவ. ஒங்ககிட்ட இருக்கதுலயே நல்ல கை எதுவோ அத அனுப்பணுமாம். ஒங்க வீட்டம்மாவையே அனுப்பலாமே?" என்றார் பாய். நான் வேறொரு பெண்ணை அனுப்பினேன். அடிக்கும்போது குனிந்து எழுத்தைப் பார்க்கிற பெண், அவசரத்தில் ஒரு விரலை விட்டுவிடுவாள். நல்ல கையை அனுப்பிவிட்டால் மணியடிக்கும்போது யார் வருவது? அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு பி.எஃப். உண்டு, போனஸ் உண்டு, சொந்த வீடு உண்டு. பஸ்ஸில் உன் அம்மாவைப் பார்த்தால் "டீச்சர் ஒக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுக்கிறாள். உன் அம்மாவும் உட்கார்ந்துகொள்கிறாள். இதை உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. இன்ஸ்ட்ரக்டர் என்றால் யார் என்று நீ தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். வெளியே எவனும் கூப்பிடாதவன் இன்ஸ்ட்ரக்டர் ஆவான், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறவன் வெளியே விடாதவன் ஆவான்.

உனக்கு உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம் என்று எழுதியிருக்கிறாய். நல்லா இருக்கு கதை. வத்திராயிருப்புத் தோப்பில் பெரிய மாமரத்தின் உச்சிக் கொப்புக்கு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கத் தெரியாமல் நீ அலறினது எனக்கு மறக்கவில்லை. மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தாய். காவல்காரன் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வைக்கக் கூடாது என்றேன். "ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியாதாலே? எறங்கு!" என்று கீழே நின்று சொன்னேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், காவல்காரன் காலில் விழாத குறை. பொழுது சாயும்வரை நீ மேலே, நாங்கள் கீழே. கடைசியில் நெஞ்சுத் தோலெல்லாம் உரிந்து ரத்தத்தோடு நீயாகவே இறங்கிவந்தாய். வந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக அம்மாவின் முந்தானைக்குள் போனாய். அதற்குப் பிறகு எதையும் நீ என்னிடம் முதலில் கேட்டது கிடையாது. அந்த மரமும் சேர்ந்துதான் இப்போது விலைக்குப் போகவேண்டும் என்கிறாய்.

படிக்காமல் பார்க்காமல் கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். மதுரையில் சாமான் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, போன மாதம் நீ இருக்கிற ஊருக்கே வந்தேன். ஆமாம், வந்தேன். அந்த பிளையிங் கிளப்புக்கும் போனேன். இரண்டு விமானம் வைத்திருக்கிறான். ஒன்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஷெட்டில் படுத்திருக்கிறது, ஏதோ பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். மற்றது பறக்கிறது. அதற்கு வரிசையில் எத்தனை பையன்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று உனக்கே தெரியும். நீயும் அங்கே இருந்தாய். பணம் கட்டாத பயல், வாளியும் துணியுமாக அந்த விமானத்தின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்தவன் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் என் வீட்டில் பார்த்ததில்லை. கூப்பிடலாம் என்று கையைத் தூக்கினேன், பொறவு இறக்கிவிட்டேன். கூப்பிட்டிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும், நின்றதற்கு நான்தான் காரணம் என்றும் ஆகியிருக்கும்.

ஆபீஸ் அறையில் கிளப் முதலாளி என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், என்னை மாதிரியே. வத்திராயிருப்பு அப்பன்மார் கேட்கிற அதே கேள்வியை அதே குரலில் நானும் கேட்டேன். "படிச்சா பையனுக்கு வேல கெடைக்குமா சார்?" அவர் வாயைத் திறக்கவில்லை. மேஜை மேலிருந்த மணியைத் தட்டினார். ஏலே, எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது பார், டீ மூக்கில் ஏறிவிட்டது. உள்ளே ஒரு பையன் வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, காலர் மடிப்பு பிய்ந்து உள்பக்கமாகத் தைத்திருந்தது. "கிடைக்கும் சார்" என்றான். நன்றாகத்தான் சொன்னான். ஆனால் உன் அம்மா அளவுக்கு வராது.

வெளியே வந்ததும் அவனைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, ஊருக்கெல்லாம் கெடைக்கும்கியே, ஒனக்கு எப்பப்பா கெடைக்கும்?" என்றேன். பையன் பொய் சொல்லவில்லை. "மணி ஏறணும் சார். இம்புட்டு மணி நேரம் பறந்திருந்தாத்தான் கம்பெனிக்காரன் திரும்பியே பார்ப்பான். ஸ்டூடன்ட் பக்கத்துல உட்கார்ந்து பறந்தா, அவன் காசுல என் கணக்குலயும் மணி ஏறும்." சரி, ஸ்டூடன்ட் வராவிட்டால்? அவன் ஆபீஸ் கதவை ஒரு பார்வை பார்த்தான். "அதான் சார், உங்க பையனைச் சேர்த்துவிடுங்க" என்றான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை.

நீயும் இதையேதான் லாபம் என்று எழுதியிருக்கிறாய். இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட்டால் என் காசில் பறக்க வேண்டியதில்லை, சொல்லிக்கொடுத்துக்கொண்டே மணியைச் சேர்த்துவிடுவேன் என்று. கணக்கு சரிதான், பழுதில்லை. அந்தக் கணக்கு ஓட நாளைக்கு ஒரு தோப்பு விற்க வேண்டும், மறுநாள் வேறொருத்தன் வயல் விற்க வேண்டும், அதை மட்டும் நீ எழுதவில்லை. நீ ஏறிப் பறக்கிற பெட்ரோல் எவனோ ஒருத்தன் பொண்டாட்டி கழுத்துச் சங்கிலி. அதற்கு மேலே, ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் புதுசு புதுசாகத் தனியார் விமானக் கம்பெனிகள் வந்தன, வந்த வேகத்தில் சிலது மூடியும் போயிற்று. அதில் பெரிய விமானம் ஓட்டினவனெல்லாம் இன்றைக்குத் தெருவில் நிற்கிறான். வேலை வந்தால் அவனைத் தாண்டித்தான் உன்னிடம் வரவேண்டும்.

ஒருத்தனுக்கும் கிடைக்காது என்று நான் சொல்லமாட்டேன். கிடைக்கும். என் மாடியில் படித்தவர்களும் தாலுகா ஆபீசில், கோர்ட்டில் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்காவது கிடைக்காவிட்டால் அந்தக் கடை ஓடாது, அதுதான் அதன் சூட்சுமம். அதனால் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன், காசு கேட்காமல் சொல்கிறேன். முதலாளியைக் கேட்காதே, இன்ஸ்ட்ரக்டரைக் கேட்காதே. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் படித்து முடித்துவிட்டுப் போனவன் எங்கே இருக்கிறான் என்று அவன் வீட்டுக்கே போய்ப் பார். முழுத் தொகையையும் முதலிலேயே கட்டாதே, பறந்ததற்குப் பறந்த பிறகு கொடு. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பான். நானும் சொல்லியிருக்கிறேன். பாதியில் நின்றுபோகிறவன் கட்டின பணம்தான் எங்களுக்கு லாபம். தார்ப்பாய் போர்த்தின விமானம் பறக்க ஆரம்பிக்கிற வரைக்கும் கையெழுத்துப் போடாதே. இதையெல்லாம் நீ கேட்கமாட்டாய், நீ இறக்கை துடைத்த துடைப்பைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பிவந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாடியில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம், போர்டு மாறியிருக்கிறது, மணி அதே மணிதான். அவள் கம்ப்யூட்டர்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். பிய்ந்த காலரைப் பற்றிச் சொன்னேன், மணியைத் தட்டினதைச் சொன்னேன், அந்தப் பையன் கிடைக்கும் என்றதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உறையை அப்படியே கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மில்லுக்கு அவிய யாரக் கேட்டாவ, நீங்க யார அனுப்பிச்சியன்னு எனக்குத் தெரியாதுன்னா இம்புட்டு நாளும் நெனச்சிய?" என்றாள்.

பாய் சொல்லிவிட்டாரா, அந்தப் பெண்ணே பஸ்ஸில் சொன்னாளா, தெரியாது. "தெரிஞ்சா அன்னைக்கே கேக்க வேண்டியதுதான ஏட்டி?" என்றேன்.

"கேட்டா மட்டும் அனுப்பிருப்பியளாக்கும். சம்பளம்தான் தரமாட்டிய, சோறாவது போடுவியன்னு இருந்துட்டேன்." பிறகு சொன்னாள். "வந்தவன் பிள்ளைக்கெல்லாம் கெடைக்கும் கெடைக்கும்னு சொல்லிருக்கேன். வாய் கூசாம சொல்லிருக்கேன். இப்ப நான் பெத்த பிள்ளைக்கு மட்டும் கெடைக்காதுன்னு சொல்லச் சொல்லுதியளா?"

"கெடைக்காது ஏட்டி. எனக்கும் தெரியும், ஒனக்கும் தெரியும்" என்றேன்.

"தெரியும். அதுக்கென்ன செய்ய? அன்னைக்கு மரத்துல இருந்தப்ப ஏணிய வைக்க விடல நீங்க. இன்னைக்கு ஏணி எங்கிட்டதான் இருக்கு. நீங்க வெலகுங்க." சொல்லிவிட்டுக் கீழே விழுந்த உறையை எடுத்து மாட்டிவிட்டுப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை விலகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் விலகிவிட்டேன். அவளுக்காக விலகினேன், உனக்காக இல்லை.

ஆக, பணம் வரும். தோப்பை பாய் வாங்கிக்கொள்கிறார். நாளைக் காலை வத்திராயிருப்பு பத்திர ஆபீசுக்கு உன் அம்மா போகிறாள், சாட்சிக் கையெழுத்துப் போட நானும் கூடப் போகிறேன். பணம் வந்த பிறகு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகப் பற. தனியாக முதல் தடவை மேலே போகிற அன்றைக்கு அவளுக்கு போன் போடு, பாய் கடைக்குப் போட்டால் வந்து பேசுவாள். எனக்குப் போடாதே. இறங்குலே என்று கத்திவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

நீ இன்ஸ்ட்ரக்டர் ஆவாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மண்டை இருக்கிறது, கை இருக்கிறது. ஆனபிறகு ஒருநாள் ஆபீஸ் அறையில் மணியடிக்கும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவாய். நாற்காலி நுனியில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். பஸ்ஸில் வந்த தூசி வேட்டியில் இருக்கும், குடித்த டீ தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருப்பான். முதலாளி வாயைத் திறக்க மாட்டார். வந்தவன் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பான். அப்போது உனக்கு இந்தக் கடிதம் ஞாபகம் வரும், தோப்பு ஞாபகம் வரும், நானும் வருவேன். உனக்கோ இன்னும் கொஞ்சம் மணி ஏறவேண்டியிருக்கும். நீ கிடைக்கும் சார் என்று சொல்வாய். நன்றாகவே சொல்வாய் பிள்ளே, உனக்கு உன் அம்மாவின் குரல்.